பாரத்துக்கு ஆக்கள்

சுபாஜினிக்கு எண்ணம் என்று சுன்னாகத்து இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒருத்திக்கு எண்ணம் என்றால், அவள் தன்னை ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு திரிகிறாள் என்று பொருள். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு சிரித்தாலும் எண்ணம்தான், சிரிக்காவிட்டாலும் எண்ணம்தான்.

எண்ணத்துக்குச் சாட்சி அவளுடைய கார். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியவே வந்து காத்திருப்பார்கள் என்பதால், சுபாஜினி இருள் பிரிகிற நேரத்தில் உரும்பிராயிலிருந்து தன் வெள்ளை லான்சரில் புறப்படுவாள். மருதனார்மடம் சந்தியில் கிறிஸ்ரினாவும் கஜானியும் பஸ்ஸுக்கு நிற்பார்கள். இருவரும் அவளோடு ஒன்றாக வேலை செய்கிறவர்கள். போகிற இடம் ஒன்று, வேலை ஒன்று, நேரமும் ஒன்று. காரில் அவளைத் தவிர ஒரு குருவியும் இல்லை. ஆனாலும் சுபாஜினி சந்தியில் காரை மெதுவாக்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். மழை பெய்தாலும் அதே தலையாட்டல்தான். எங்கள் ஊரில் சைக்கிளில் போகிறவனே நடந்து போகிறவனைக் கண்டால் "ஏறன்" என்பான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி இத்தனை ஆசனத்தையும் காற்று வாங்க விட்டுக்கொண்டு போனால் சனம் சும்மா இருக்குமா?

உண்மையில் எண்ணமும் இல்லை, மண்ணும் இல்லை. அந்தக் காரின் பின் ரயர், சில்லுக்கு மேலே வளைந்து நிற்கிற மட்காட்டுத் தகரத்தில் உரசும். அவ்வளவுதான் விஷயம்.

காரை வாங்கியது அவளுடைய தம்பி கஜீபன். வாங்கிய மாதமே குருநகரில் இருக்கிற தன் கூட்டாளி எமில்ராஜைப் பிடித்து, நாலு ஸ்பிறிங்கையும் வெட்டிக் கட்டையாக்கி, காரை நிலத்தோடு படுக்க இறக்கிவிட்டான். போதாக்குறைக்கு அகலமான றிம்மும் ரயரும் வேறு. நின்ற இடத்தில் பார்த்தால் கார் வடிவுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பின் ஆசனத்தில் ஓர் ஆள் ஏறினால் மேடுகளில் உரசும். இரண்டு பேர் என்றால் றோட்டுக் கிடங்கு பள்ளங்களிலும் உரசும். மூன்று பேர் ஏறினால் றப்பர் கருகுகிற மணத்தோடுதான் பயணம். கஜீபனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. இருபத்தைந்து வயதுப் பெடியன், பின் ஆசனத்தில் ஆட்களை ஏற்றுவதற்காகவா கார் வாங்கினான்?

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அவன் பிரான்சுக்குப் போனான். போகிற அன்று காரின் திறப்பைச் சுபாஜினியின் கையில் கொடுத்து, "அக்கா, ஓட்டு. நிப்பாட்டி வைச்சால் பழுதாப் போகும். ஆனால் ஒண்டையும் மாத்தாதை, என்ன? நான் வந்து பாப்பன்," என்றான். அவனைவிட அவள் பதினான்கு வயது மூத்தவள். தாய் தோட்டத்துக்குப் போன நாட்களில் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்து அவனை வளர்த்தவள். அவன் சொன்ன எத்தனையோ சொல்லை அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. இதை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டாள். மறு வருடம் தாய் இறந்தாள். கஜீபன் வரவில்லை. அகதி வழக்கு முடியாமல் வர முடியாதாம். சவ வீட்டைப் போனில் பார்த்துக்கொண்டு அங்கேயிருந்து அழுதான். அதற்குப் பிறகு உரும்பிராய் வீட்டில் சுபாஜினியும் அந்தக் காரும்தான்.

காரை மாற்றாமல் வைத்திருக்கிற வரைக்கும் அது அவனுடைய கார். அவனுடைய கார் முற்றத்தில் நிற்கிற வரைக்கும் அவன் வந்துதானே ஆகவேண்டும். இதை அவள் இப்படி வாய்விட்டு யாருக்கும் சொன்னதில்லை, தனக்கே சொன்னதில்லை. ஆனால் அவளுடைய புத்தி அந்தப் பாதையில்தான் ஓடியது. படித்த பிள்ளை, ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் இரத்தத்தை எடுத்து இன்னது கூட, இன்னது குறைவு என்று சொல்கிறவள். மனம் என்று வந்துவிட்டால் படிப்பு எங்கே நிற்கும்?

தொடக்கத்தில் அவள் ஆட்களை ஏற்றாமல் இல்லை. நிரோஜா மூத்த பிள்ளையோடு கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் சந்தியில் கால் வீங்கிப்போய் நின்றாள். நிரோஜாவும் அதே நிலையத்தில்தான் வேலை, முன்வாசலில் பற்றுச்சீட்டு எழுதுகிறவள். சுபாஜினிக்கு மனம் கேட்கவில்லை. நிறுத்தினாள். நிரோஜா, துணைக்கு வந்த அவளுடைய தாய், கஜானி மூன்று பேரும் பின்னால் நெருங்கி இருந்தார்கள். கிறிஸ்ரினா முன்னால் ஏறினாள். சந்தி தாண்டவில்லை, கர்ர்ர் என்று தொடங்கியது. சுன்னாகம் வரும் வழியில் ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியபோது காருக்குள் புகை மணம் வந்தது. "ஐயோ பிள்ளைத்தாச்சி!" என்று தாய் கத்தினாள். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டுக்கரையால் நடந்தே போனாள். கஜானியும் கிறிஸ்ரினாவும் என்ன செய்வது என்று தெரியாமல் அவர்களோடு நடந்தார்கள். சுபாஜினி வெறும் காரை ஓட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். வெறும் கார் ஒரு சத்தமும் போடவில்லை.

அன்றைக்கே, "இது உரசுற கார், பின்னாலை ஆள் ஏறக்கூடாது" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? "அப்ப ஏன் அக்கா திருத்தேல்லை?" அதற்கு அவள் என்ன சொல்வாள்? தம்பி வருவான் என்று சொல்வாளா? வயது நாற்பத்துமூன்று ஆகிற ஒருத்தி, தாலியும் இல்லை பிள்ளையும் இல்லை, தம்பி வருவான் என்று காரைப் பூசை அறை மாதிரி வைத்திருக்கிறாள் என்று சனம் பாவப்படுமே! பாவப்படுவதைவிட எண்ணக்காரி என்று சொல்வது மேல் என்று நினைத்தாளோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை. முன் ஆசனத்தில் ஒருத்தியை ஏற்றலாம்தான். சந்தியில் நிற்பது எப்போதும் இரண்டு பேர். ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மற்றவளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு வராது. இருவரையும் விட்டுவிட்டுப் போகத்தான் வந்தது. அப்படியே இரண்டு வருடம் போயிற்று.

நிரோஜாவுக்கு இரண்டாவதாகப் பெண்பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு நீங்கத் துடக்குக் கழித்தார்கள். நிலையத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அதற்கு முதல் நாள் கஜானியும் கிறிஸ்ரினாவும் மற்றவர்களும் மேசையைச் சுற்றி நின்று வாடகைக்கு வான் பிடிப்பது பற்றிக் கதைத்தார்கள். பிள்ளைக்குக் காப்பு யார் எடுப்பது, வானுக்கு எத்தனை பேர், யார் யாரை எந்த ஒழுங்கையில் ஏற்றுவது என்று ஒரே சத்தம். சுபாஜினி பக்கத்து மேசையில் இரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாராவது திரும்பி ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று பார்த்தாள். கடைசியில் அவளே, "வான் எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

"அக்கா, நீங்கள் காரிலை வருவியள் எண்டெல்லோ நினைச்சம்," என்றாள் கஜானி. அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். குத்திச் சொல்லியிருந்தால் சுபாஜினி ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள்.

அடுத்த நாள் வானுக்குப் பின்னால் அவள் தனியாகக் காரில் போனாள். வானின் பின்கண்ணாடிக்குள் தலைகள் ஆடின, யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிரோஜா வீட்டில் பந்தலுக்குள் அவளைத் தனிக் கதிரையில் இருத்தி, தனித் தட்டில் வடையும் வாழைப்பழமும் கொண்டுவந்து, பெரிய மரியாதையாக உபசரித்தார்கள். மற்றவர்கள் பாயில் வட்டமாக இருந்து ஒரே தாம்பாளத்தில் கைபோட்டுத் தின்றார்கள். அந்த மரியாதை அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பிள்ளையின் கையில் காசை வைத்துவிட்டு எழும்பி வந்து காருக்குள் இருந்தபோது, இனி என்ன ஆனாலும் சரி, உந்த ரயருக்கு ஒரு வழி பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தாள்.

எமில்ராஜ் இப்போது இணுவிலில் காங்கேசன்துறை வீதிக்கரையில் கராச் வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அவள் போனபோது ஒரு வானுக்குக் கீழே படுத்திருந்தவன், சத்தத்திலேயே காரை அடையாளம் கண்டு வெளியே தலையை நீட்டினான்.

"கஜீபன்ரை கார்! என்ன அக்கா, உரசுதோ?"

"உரசுது. உயத்தாமல் ஏதும் செய்யேலுமோ?" என்று கேட்டாள் சுபாஜினி. "காரின்ரை தோற்றம் மாறக்கூடாது. அவன் வந்து பாக்கேக்கை அப்பிடியே நிக்கவேணும்."

எமில்ராஜ் அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு காருக்குப் பின்னால் போய்க் குந்தினான். "இஞ்சை பாருங்கோ," என்று மட்காட்டின் உள் விளிம்பில் அவள் கையைப் பிடித்து வைத்தான். அங்கே தகரம் உள்ளுக்கு மடிந்து ஓர் உதடு மாதிரி நின்றது. "பாரம் ஏறக் கார் பதியும். பதியேக்கை ரயர் உந்த மடிப்பிலைதான் போய்த் தேயுது. மடிப்பைச் சூடுகாட்டி மேல்பக்கமாத் தட்டி ஒட்டிவிட்டால் கொஞ்ச இடம் கிடைக்கும். காரின்ரை உயரம் மாறாது. அதை முதல் செய்து பாப்பம்."

பின் சில்லுகளைக் கழற்றினான். வண்ணம் வெடிக்காமல் இருக்க விளிம்பை வெப்பக்காற்றால் சூடாக்கிச் சூடாக்கி, துணி சுற்றிய மரக்கட்டையால் பொறுமையாகத் தட்டினான். பின்னேரமாகிவிட்டது. தட்டி முடித்து, மடிப்பு நீளத்துக்கு வெண்கட்டியால் தடிப்பாகப் பூசினான். ரயர் தொட்டால் வெண்கட்டி அழிந்திருக்கும், எங்கே தொட்டது என்றும் தெரியும்.

"சரி, இனிப் பாரம் ஏத்திப் பாக்கவேணும். உங்கடை வீட்டு ஆக்கள் மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். சுபாஜினி கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள்.

"ஆக்களுக்கென்ன பஞ்சம்?" என்று எமில்ராஜே அவசரமாகச் சொல்லி, றோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டோக்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஏரம்பு அண்ணை! உந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ. பாரத்துக்கு ஆக்கள் வேணும்!"

ஏரம்பு அண்ணை பெரிய வயிறும் ஓயாத வாயுமாக வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு ஓட்டோக்காரப் பெடியள். என்ன ஏது என்று கேட்காமலே கதவைத் திறந்து பின்னால் ஏறினார்கள். கார் ஒரு பெருமூச்சு விட்டு நிலத்தை நோக்கிப் போயிற்று. எமில்ராஜ் முன்னால் இருந்து, "அக்கா, கந்தசுவாமி கோயிலடியாலை போய்த் திரும்பி வருவம். கிடங்கு கண்டால் விலத்தாதையுங்கோ, விழுத்துங்கோ," என்றான்.

சுபாஜினி காரை எடுத்தாள்.

கார் நகர்ந்ததுதான் தாமதம், பின்னால் கதை தொடங்கியது. ஒரு பெடியனுக்குப் பெண் பார்த்து வந்திருந்தார்களாம், பெண்ணுக்கு அவனைவிட உயரம் கூடவாம். "அப்ப உனக்கும் ஸ்பிறிங் போட எமிலிட்டைச் சொல்லுவம்," என்றார் ஏரம்பு அண்ணை. மற்றவன் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. வெங்காய விலை பற்றி ஒரு சண்டை வந்தது. பிறகு ஏரம்பு அண்ணை முன்னால் சரிந்து, "பிள்ளை உரும்பிராயிலை எவடம்? ஆற்றை மகள்?" என்று விசாரித்தார். அவள் தகப்பனின் பெயரைச் சொன்னாள். "அட, புகையிலைத் தோட்டக்காரர்! எனக்கு நல்லாத் தெரியும். கோபக்காரன், ஆனால் கேட்டவைக்கு இல்லையெண்டு சொல்லாத மனுசன்," என்றார். தகப்பனைப் பற்றி யாரோ ஒருவர் அவளிடம் கதைத்து எத்தனை காலம்! ஒரு பெடியன், "அக்கா, ஏசி வேலை செய்யாதோ? ஏரம்பு அண்ணையின்ரை வேர்வையிலை நாங்கள் ரெண்டுபேரும் மூழ்கித் தாண்டு போவம்," என்றான். சுபாஜினி சிரித்துவிட்டாள். சத்தமாகச் சிரித்தாள். தன்னுடைய குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சுவிடுகிறார்கள், ஆசனத்தின் முதுகில் யாருடைய முழங்காலோ இடிக்கிறது, அவளுக்கு அது இனித்தது. வெட்கமாகவும் இருந்தது. பாரத்துக்கு ஏறிய ஆட்களோடு இப்படி ஒரு சந்தோசமா?

"அக்கா," என்றான் எமில்ராஜ் மெதுவாக. "கோயிலடியிலை திரும்பியிருக்கலாம். இப்ப சுன்னாகம் வந்திட்டுது."

அவள் திடுக்கிட்டு வெளியே பார்த்தாள். சந்தை தெரிந்தது. திருப்புகிற இடத்தை எப்போது தாண்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. "கூடத் தூரம் ஓடினால்தானே நல்லாத் தெரியும்," என்று சமாளித்தாள். திரும்பி வருகையில் ஒரு பெரிய கிடங்கில் விழுத்தினாள். பின்னால் கர்ர்ர் என்றது. மூன்று பேரும் ஒரேயடியாக, "ஆ! உரசுது!" என்று ஏதோ போட்டியில் வென்றவர்கள் மாதிரிச் சத்தம் போட்டார்கள்.

கராச்சில் வந்து நின்றதும் அவர்கள் இறங்கி, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, றோட்டைக் கடந்து தங்கள் ஓட்டோக்களுக்குப் போய்விட்டார்கள். திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது, வேலை முடிந்துவிட்டதே. கார் மறுபடி எழும்பி நின்றது. எமில்ராஜ் குந்தியிருந்து பார்த்தான். இடப்பக்கம் வெண்கட்டி கால்வாசி அழிந்திருந்தது, வலப்பக்கம் ஏரம்பு அண்ணை இருந்த புண்ணியத்தில் பாதி அழிந்திருந்தது.

"இனித் தட்ட இடமில்லை அக்கா. தகரம் வெளியிலை பிதுங்கும். ஆக்களை ஏத்துறதெண்டால் ஸ்பிறிங்தான் மாத்தவேணும். உடைச்ச லான்சர் ஒண்டிலை கழட்டின முழு ஸ்பிறிங் நாலும் என்னட்டை இருக்கு. ஆக்களை ஏத்தாட்டி உதுவே போதும்."

சுபாஜினி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழையும். அந்த இரண்டு விரல் இடைவெளிக்காகக் கஜீபன் சாப்பாட்டை மறந்து முற்றத்தில் கிடந்தது அவள் கண்ணில் வந்தது. பிறகு அந்த வானின் பின்கண்ணாடி வந்தது.

"கஜீபன் வந்து பாத்தால் துள்ளுவான்," என்றாள்.

எமில்ராஜ் கைத்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். "அவன் ஒண்டும் சொல்லமாட்டான் அக்கா."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"சொல்லமாட்டான்," என்று மட்டும் மறுபடி சொன்னான். ஸ்பிறிங் வெட்டுகிறபோது கூட நின்றவன், சினேகிதனுக்காகப் பொறுப்பெடுக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

"அப்ப உயத்து," என்றாள். சொல்லிவிட்டு, உயர்த்துவதைப் பார்க்க மனமில்லாமல், பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பின்னேரம் காரை எடுத்தாள். செவ்வாய் விடிய மருதனார்மடம் சந்தியில் கிறிஸ்ரினாவுக்கும் கஜானிக்கும் முன்னால் நிறுத்தினாள். இருவரும் சும்மா நின்றார்கள். கார் பழுதாகித்தான் நின்றுவிட்டது என்று நினைத்தார்கள். "ஏறுங்கோ," என்றாள். "இல்லையக்கா, நீங்கள் போங்கோ, பஸ் இப்ப வந்திடும்," என்றாள் கஜானி. சுபாஜினிக்கு முகம் சிவந்தது. இறங்கிப் போய்ப் பின் சில்லடியில் நின்று, "இஞ்சை வந்து பாருங்கோ," என்று கூப்பிட்டு, ரயர், மடிப்பு, ஸ்பிறிங், பாரம் என்று எல்லாவற்றையும் றோட்டுக்கரையில் நின்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். தம்பியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

கிறிஸ்ரினா வாயில் கைவைத்தாள். "ரெண்டு வரியமா உதுக்கே அக்கா எங்களை ஏத்தேல்லை? சொல்லியிருந்தால் நாங்களே ரயரைப் பிடிச்சுக்கொண்டு வந்திருப்பமே!"

"நாங்கள் உங்களைப் பற்றிக் கதைச்ச கதையெல்லாம்…" என்று தொடங்கிய கஜானியைக் கிறிஸ்ரினா கிள்ளினாள். மூவரும் சிரித்தார்கள். ஏறினார்கள். கார் ஒரு சத்தமும் போடாமல் சுன்னாகம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான் போனது. அவர்கள் இருவரும் பின்னால் தங்களுக்குள் கதைப்பது அதிகம், இடையிடையே அவளையும் இழுத்தார்கள். அவளுக்கு அது போதும். ஆனால் தினமும் பின்னேரம் காரை முற்றத்தில் விட்டுவிட்டு இறங்கியதும், உயர்ந்து நிற்கிற அந்தக் காரைப் பார்க்கப் பயந்து விறுவிறென்று உள்ளே போய்விடுவாள். கஜீபன் பார்த்தால் என்ன சொல்வான், அதற்குத் தான் என்ன சொல்வது என்று சமைக்கிறபோதும் குளிக்கிறபோதும் ஒத்திகை பார்த்தாள். அவன் கத்துவான். கத்தட்டும். கத்தி முடிந்ததும், நீ வந்து திருப்பி இறக்கு என்று சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தான். அங்கே காலை, முகம் கழுவாத முகம். சமையல் வேலையில் கையில் சூடுபட்ட இடத்தைக் காட்டினான். சாப்பாடு, தடிமன் காய்ச்சல், குளிர் எல்லாம் கதைத்தார்கள். பிறகு சுபாஜினி மூச்சை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, போனைக் காரின் பக்கம் திருப்பினாள். அவன் பார்த்தான். அவள் காத்திருந்தாள்.

"நல்லா நிக்குது," என்றான்.

"வடிவாப் பார். உயத்திப்போட்டன்."

"ஓம், எமில் சொன்னவன். நல்ல வேலை செய்தனி அக்கா. முந்தியே செய்திருக்கலாம்."

ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்திருந்த மறுமொழிகள் எல்லாம் அவளுக்கு வாயிலேயே நின்றன. "நீதானேடா ஒண்டையும் மாத்தாதை எண்டனி? வந்து பாப்பன் எண்டனி? இப்ப ஏன் ஏசாமல் இருக்கிறாய்? ஏசு! ஒரு சொல்லு ஏசன்!"

அவன் போனுக்கு வெளியே எங்கேயோ பார்த்தான். "ஆற்றை காருக்கு அக்கா நான் ஏசுறது?" என்றான். பிறகு, "விசா கிடைச்சிட்டுது அக்கா," என்றான்.

சுபாஜினி கத்திவிட்டாள். பக்கத்து வளவு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினாள். "எட! எப்ப?"

"பொங்கல் மட்டிலை."

இப்போது ஆவணி. "பொங்கலோ? இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால், எப்ப வாறாய் எண்டு கேப்பாய்."

"கேப்பன்தான். எப்ப வாறாய்?"

"அகதியெண்டு தந்த விசா அக்கா. அங்கை இருக்கப் பயம் எண்டு சொல்லித்தானே கேட்டனான். இனி எந்த நாட்டுக்கும் போகலாம். அங்கை மட்டும் வரேலாது."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் காரில் சாய்ந்துகொண்டாள். அவன் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் இணுவில் கோயிலுக்குப் போய்க் கந்தசாமியாரிடம் அவள் கேட்டது ஒன்றுதான். தம்பிக்கு விசா கிடைக்கவேண்டும். விசா கிடைத்தால் வருவான் என்று நினைத்திருந்தபடியால், வரவேண்டும் என்று தனியாக ஒருநாளும் கேட்கவில்லை. கந்தசாமியாரைக் குறை சொல்ல வழியில்லை. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருக்கிறார். நேர்த்தி வைத்த தேங்காய்களை இனி உடைக்கத்தான் வேண்டும்.

"இந்தியாவுக்கு வா அக்கா, அங்கை சந்திப்பம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்," என்றான் கஜீபன். "பிறகு இந்த நாட்டுப் பிரசாவுரிமை எடுத்தால் அங்கையும் வரலாம். அதுக்குக் கன வரியம் போகும். பாப்பம்."

"ஓம், பாப்பம்," என்றாள் அவள். விசா கிடைத்த தம்பிக்கு அக்கா எப்படிச் சிரிக்கவேண்டுமோ அப்படிச் சிரித்தாள். அவனும் சிரிக்க முயன்றான்.

"அக்கா, இப்ப பின்னாலை எத்தினை பேர் இருக்கலாம்?"

"மூண்டு பேர். உரசாது."

"அப்ப ஆக்களை ஏத்திக்கொண்டு போ. தனியப் போகாதை, என்ன?" என்றான். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

சுபாஜினி வீட்டுக்குள் போகவில்லை. காரின் பின் கதவைத் திறந்து ஏறி இருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பின் ஆசனத்தில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கேயிருந்து பார்க்க, முன்னால் ஓட்டுகிற ஆசனம் வெறுமையாகத் தெரிந்தது. கஜீபன் வந்து அதில் ஏறி, "எங்கை அக்கா போறது?" என்று கேட்பான் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறாள். கேட்க ஆளில்லை. அவள் முன் ஆசனத்தின் முதுகில் நெற்றியை வைத்து, யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.